பராமரிப்பு என்னும் வேலை: ஜூஜுவாடியை முன்வைத்து

பெங்களூரிலிருந்து வரும் லாரிக்காரருக்கு ஜூஜுவாடி என்றால் எல்லைச் சோதனைச்சாவடி. அத்திப்பள்ளி முடிந்து தமிழகம் தொடங்கும் இடம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது ஷிப்டுக்கு ஷிப்டு விடியும் ஊர். ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறைகளுக்கும் போய்வருபவர்கள் இங்கே வரிசை வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓர் அறை, ஒட்டினாற்போல ஒரு சமையலறை, பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு குளியலறை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். பெற்றோர் தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ பீகாரிலோ இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுத்துவிட்டால், அல்லது மூளை முடக்குவாதத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், தூக்கி உட்காரவைப்பதும் குளிப்பாட்டுவதும் யார்? மாற்றுத்திறனாளிகள் நலன் பற்றிய நம் பேச்சு சக்கர நாற்காலி, அடையாள அட்டை, உதவித்தொகை என்ற அளவில் நின்றுவிடுகிறது. அன்றாடம் கைகொடுக்கும் ஆள் யார் என்பதைக் குடும்பத்தின் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு உலகம் கண்ட விடைகளில் எல்லோர் கண்ணையும் கவர்வது உதவி நாய். அந்த நாய்க்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைக் கூர்ந்து பார்த்தால், ஓசூர் போன்ற தொழில்நகரம் முதலில் உருவாக்க வேண்டியவர்கள் பயிற்சியும் கூலியும் ஓய்வும் உள்ள பராமரிப்பாளர்கள்தான் என்பது விளங்கும்.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற மருத்துவர் வழிகாட்டி நாய்ப் பள்ளியைத் தொடங்கினார். 1929இல் அமெரிக்காவில் டோரதி யூஸ்டிஸும் பார்வையற்ற இளைஞரான மோரிஸ் ஃபிராங்கும் அதே வழியில் ஒரு பள்ளியை நிறுவினார்கள். 1975இல் போனி பெர்கின் கலிஃபோர்னியாவில் கைகால் இயக்கம் குன்றியவர்களுக்காக நாய்களைப் பழக்கத் தொடங்கினார்; கீழே விழுந்த பொருளை எடுத்துத் தருவது, கதவை இழுத்துத் திறப்பது, விளக்கைப் போடுவது ஆகியவை அவற்றின் வேலை. வழிகாட்டி நாய் தானே ஊரறிந்து எசமானரை அழைத்துப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வழியை மனத்தில் வைத்திருப்பவர் மனிதர். 'வலப்பக்கம் திரும்பு', 'நேராகப் போ' என்று சொல்பவர் அவர். நாய் பார்த்துக்கொள்வது இடையில் வரும் இடைஞ்சல்களை. நடைபாதை விளிம்பில் நிற்கும், தலையில் இடிக்கக்கூடிய கிளையைச் சுற்றிப் போகும், வண்டி வரும்போது 'போ' என்றாலும் கால் எடுத்து வைக்காது. சொன்ன சொல்லைக் காரணத்தோடு மறுக்கப் பழக்குவதுதான் பயிற்சியில் கடினமான பகுதி. பிறந்ததிலிருந்து ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். தேர்வில் தேறாமல் வேறு வேலைக்கோ வளர்ப்பு வீட்டுக்கோ போகும் நாய்கள் ஏராளம். தேறிய நாயின் நடைவேகமும் குணமும் யாரோடு பொருந்தும் என்று பார்த்து இருவரையும் சேர்த்துப் பழக்குகிறார்கள். பிறகும் பள்ளியிலிருந்து ஆள் வந்து பார்க்கிறார். பத்து வயதையொட்டி நாய்க்கு ஓய்வு கொடுத்து, மாற்று நாய்க்கு ஏற்பாடு செய்கிறார்கள். தேர்வு, பயிற்சி, பொருத்தம், கண்காணிப்பு, ஓய்வு, மாற்று ஆகிய இந்த ஆறும் சேர்ந்த ஏற்பாடுதான் அந்த நாய்களின் வெற்றி.

பலன் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கேரன் ஆலனும் ஜிம் பிளாஸ்கோவிச்சும் வெளியிட்ட ஆய்வு, கடுமையான இயக்கக் குறைபாடுள்ள 48 பேரைக் கொண்டது. உதவி நாய் வந்த பிறகு அவர்களுக்குக் கூலிக்கும் கூலியின்றியும் தேவைப்பட்ட மனித உதவி நேரம் பெருமளவு குறைந்தது என்றது அது. அந்த அளவு பெரிய விளைவைப் பின்னர் வந்த ஆய்வுகள் மீண்டும் காட்டவில்லை. ஆய்வு செய்யப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறியது, ஒப்பீடு பலவீனமானது என்பதுதான் பிற்கால மதிப்பீடுகளில் திரும்பத் திரும்ப வரும் குறை. போரின் மனவடுவால் அவதிப்படும் முன்னாள் படைவீரர்களிடம் அமெரிக்க அரசே நடத்திய பெரிய ஆய்வில், பணி செய்யப் பழக்கப்பட்ட நாய்களும் வெறும் துணையாக இருந்த நாய்களும் தனித்தனிக் குழுக்களுக்குத் தரப்பட்டன. அன்றாடச் செயல்பாட்டிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மனவடுவின் அறிகுறிகள் மட்டும் பணி நாய் பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதலாகத் தணிந்தன. ஆகவே உதவி நாயால் பயனில்லை என்று சொல்ல இடமில்லை. பார்வையற்றவர் தனியாக வெளியே போய்வருவதற்கும், தனிமையின் பாரம் குறைவதற்கும் அது உண்மையாகவே உதவுகிறது. மனித உதவியாளரின் இடத்தை அது நிரப்பிவிடும் என்ற நம்பிக்கைக்குத்தான் சான்று போதவில்லை.

அந்த நாயை ஜூஜுவாடியின் சர்வீஸ் ரோட்டில் நிறுத்திப் பார்ப்போம். விளிம்பில் நிற்கப் பழகிய நாய்க்கு இங்கே நடைபாதை விளிம்பே தொடர்ச்சியாக இல்லை. பாதையோரத்தில் லாரிகள், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள், மூடாத சாக்கடை. இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் தெருநாய்கள். 2024இல் நாடு முழுக்கப் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கு மேல். சேணத்தோடு வரும் அந்நிய நாயைத் தெருநாய்க் கூட்டம் சும்மா விடாது. அந்த நேரத்தில் பார்வையற்றவர் தன்னையும் காக்க வேண்டும், தன் நாயையும் காக்க வேண்டும். லாப்ரடார் போன்ற இனங்களுக்குக் கோடைத் தார்ச்சாலை பாதத்தைச் சுடும். நாய்க்கு ஆகும் தீவனம், தடுப்பூசி, கால்நடை மருத்துவரின் செலவு, நாய் வைத்திருப்பவர்க்கு வீடு தர யோசிக்கும் வீட்டுக்காரர் என்று தடைகள் நீள்கின்றன. அமெரிக்காவில் ஒரு நாயைப் பழக்கிக் கொடுக்க 40,000 டாலருக்கு மேல் ஆகிறது என்பது பொதுவான கணக்கு. அங்கே அதைத் தாங்குவது நன்கொடை. இங்கே அதே நன்கொடை கிடைத்தாலும், அந்த நாய் நடப்பதற்கான தெருவை மாநகராட்சி முதலில் போட்டாக வேண்டும்.

நாயால் ஆகவே ஆகாத வேலைகளும் இருக்கின்றன. முதுகுத்தண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே உணர்விழந்தவரின் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும், அது எலும்புவரை போகும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். கை கழுவாமல் செய்தால் சீழ் பிடிக்கும், தள்ளிப்போட்டால் சிறுநீரகம் கெடும். நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டாலே ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். தலை வெடிக்கும் வலி, முகச் சிவப்பு, வியர்வை என்ற அடையாளங்களைக் கண்டதும் நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் மலம் கழிக்கவைக்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கத் தெரியாவிட்டால், மாற்றுபவருக்கும் சேர்த்து இடுப்பு போய்விடும். இவற்றில் ஒன்றுகூட அன்பு இருந்தால் மட்டும் வந்துவிடக்கூடியதில்லை. ஒவ்வொன்றுக்கும் செய்முறை உண்டு, பிழை உண்டு, பிழைக்கு விலையும் உண்டு. பழகிய கை செய்யவேண்டிய வேலை இது.

இப்போது அதைச் செய்பவர் யார்? 2018இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 76ஆம் சுற்றுப்படி, மாற்றுத்திறனாளிகளில் 62.1 விழுக்காட்டினருக்குப் பராமரிப்பவர் ஒருவர் இருக்கிறார். தேவைப்பட்டும் ஆள் கிடைக்காதவர்கள் வெறும் 0.3 விழுக்காடு. படித்தவுடன் நிம்மதி தரும் எண் இது. ஆனால் அந்தப் பராமரிப்பவர் வேலையை விட்டவரா, பள்ளியை விட்ட பெண்பிள்ளையா, தானே நோயாளியான தாயா என்பதை அந்த எண் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதில் ஒரு பகுதியைச் சொல்கிறது. வீட்டாரைக் கூலியின்றிப் பராமரிப்பதில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 134 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார், ஆண் 76 நிமிடம். வீட்டு வேலை தனிக்கணக்கு: பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. ஜூஜுவாடி வரிசை வீட்டில் கணவன் படுத்துவிட்டால் வீட்டுக்கு இரண்டு சம்பளமும் நிற்கின்றன. அவருடையது உடனே நிற்கிறது; மனைவியுடையது சில வாரங்களில் நிற்கிறது.

இந்த இடத்தில் நம் காப்பீட்டு முறையின் ஓட்டை வெளிப்படையாகத் தெரிகிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளி வேலையின்போது அடிபட்டு முழு நிரந்தர ஊனம் அடைந்தால் அவருடைய சராசரிக் கூலியில் 90 விழுக்காடு வாழ்நாள் முழுக்கக் கிடைக்கும். மாதச் சம்பள வரம்பான 21,000 ரூபாய்க்கு அது 18,900 ரூபாய். நல்ல திட்டம், ஆனால் ஈடுகட்டுவது அவருடைய கூலியை மட்டும். அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கென்று அதில் தனிப்பங்கு இல்லை. பணியால் நூறு விழுக்காடு ஊனமடைந்த படைவீரருக்கும் மத்திய அரசு ஊழியருக்கும் நிலைமை வேறு. ஓய்வூதியத்தோடு நிரந்தர உதவியாளர் படி என்று ஒன்று அவர்களுக்கு உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017இல் அது மாதம் 6,750 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உதவியாளர் என்பவர் செலவுக்குரியவர் என்ற கொள்கையை அரசு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு இதுவே சான்று. அதே கொள்கையை ஆலைத் தொழிலாளிக்கு மறுக்க என்ன காரணம் சொல்ல முடியும்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளரை வரையறுக்கிறது. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கலாம் என்றும் சொல்கிறது. தமிழக அரசு கடும் பாதிப்புள்ளோருக்கு மாதம் 2,000 ரூபாயும், உயர் ஆதரவு தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கு 1,000 ரூபாயும் தருகிறது. இந்தியாவின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது முன்னோடியான செயல்தான். ஆனால் 2025-26இல் தமிழகத்தின் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். மூன்று நாள் மண்வெட்டிக் கூலிக்குச் சமமான தொகையில் முப்பது இரவுகளின் உழைப்பை அடக்குகிறோம்.

செய்யமுடியாததைக் கேட்கவில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பழக்கி, சிகிச்சையாளரின் மேற்பார்வையில் வீடு வீடாக அனுப்புவது அந்த அமைப்பின் முறை. தமிழக இளையோர் மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்து 1998இல் விபத்தில் உடல் முடங்கிய பிரீத்தி ஸ்ரீனிவாசன், 2013இல் திருவண்ணாமலையில் சோல்ஃபிரீ அமைப்பை நிறுவி முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்காக உழைத்துவருகிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே உரிய பெருமை ஒன்றும் உண்டு: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை கொண்டுவந்து தருவதோடு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. வாசல்வரை அரசு வந்துசேர்ந்துவிட்டது. குறைவது ஒன்றுதான்: இயன்முறை சிகிச்சையாளர் வந்துபோகும் நாளுக்கும் அடுத்தமுறை வரும் நாளுக்கும் இடையிலுள்ள இரவுகளுக்கு ஆள் இல்லை.

'பெற்றவர்களையும் கட்டினவரையும் கூலிக்கு ஆள் வைத்துப் பார்ப்பதா?' என்ற கேள்வி இங்கே எழும். அதன் பின்னால் இருக்கும் பாசத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாசம் வேலை செய்த வீட்டில் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், பக்கத்துக் கொல்லையில் சித்தி இருந்தாள். ஒருவர் களைத்தால் இன்னொருவர் உட்கார்ந்தார். தொழிற்பேட்டை அந்த வீட்டைப் பிரித்து, அதிலிருந்து இரண்டு பேரை மட்டும் எடுத்து எல்லையில் குடியமர்த்தியிருக்கிறது. நான்கு பேர் மாறி மாறிச் செய்த வேலையை ஒருத்தி தலையில் வைத்துவிட்டு அதைப் பண்பாடு என்று சொல்வது நியாயமில்லை. பழகிய பராமரிப்பாளர் பகலில் எட்டு மணி நேரம் வந்தால் மனைவி வேலைக்குப் போகலாம், இரவில் மனம் கசக்காமல் கணவனோடு இருக்கலாம். பாசத்துக்கு இடம் கிடைப்பதே அப்போதுதான்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் மாற்றுத்திறனாளிகளிடமிருந்தே வருகிறது. நாய் அதிகாரம் செய்வதில்லை, திட்டுவதில்லை, பணத்தைத் திருடுவதில்லை. பராமரிப்பாளர் எப்போது குளிக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று முடிவெடுக்கத் தொடங்கினால் படுத்திருப்பவர் தன் வீட்டிலேயே கைதியாகிவிடுவார். மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் கொடுமை வெளியே தெரிவதுமில்லை. 1972இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எட் ராபர்ட்ஸும் தோழர்களும் தன்னுரிமை வாழ்வு மையத்தை நிறுவியபோது, இந்த அச்சத்துக்கு விடையாக அவர்கள் சொன்னது உதவியாளரே வேண்டாம் என்பதில்லை. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது, வேலை சொல்வது, வேண்டாம் என்றால் நிறுத்துவது ஆகிய அதிகாரம் மாற்றுத்திறனாளியின் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். வழிகாட்டி நாயோடு நடப்பவர்தான் போகும் வழியைத் தீர்மானிக்கிறார். மனித உதவியாளரிடமும் அந்த உரிமை அவருக்கு இருக்க வேண்டும். இதற்குப் பயிற்சி இரு பக்கமும் வேண்டும். பராமரிப்பாளருக்குத் தூக்கவும் புரட்டவும் கற்றுத்தருவதோடு, கேட்டுச் செய்யவும் திரை போட்டுச் செய்யவும் கற்றுத்தர வேண்டும். மாற்றுத்திறனாளிக்கும் தன் உடலின் தேவையை விளக்கிச் சொல்லவும் வேலை வாங்கவும் பழக்க வேண்டும். இருவரையும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசும் ஒரு மேற்பார்வையாளர் இல்லாமல் இந்த ஏற்பாட்டைத் தொடங்கவே கூடாது.

எல்லை என்பது இங்கே வெறும் கோடு இல்லை. தலையிலோ தண்டுவடத்திலோ அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் பெங்களூருக்கு. அங்குள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர்தான். அறுவைச் சிகிச்சை கர்நாடகத்தில், வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் தமிழகத்தில். ஒருவர் எழுதிக்கொடுத்தது இன்னொருவரிடம் போய்ச்சேர்வது நோயாளியின் மனைவி கையிலுள்ள பிளாஸ்டிக் பையை நம்பித்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும், ஆனால் உதவித்தொகை மாநிலத்தோடு நின்றுவிடும். தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் துணையாள் ஒருவரும் கட்டணமின்றிப் போகலாம். அத்திப்பள்ளியில் இறங்கிப் பெங்களூர்ப் பேருந்து ஏறினால் அந்த ஏற்பாடு உடன் வருவதில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இங்கே அடிபட்ட தொழிலாளிக்கு இரண்டு மாநிலமும் சொந்தமில்லை. இன்னொரு கவலையும் உண்டு. ஓசூரில் நூறு பெண்களுக்குப் பராமரிப்புப் பயிற்சி கொடுத்தால், கூடுதல் சம்பளம் தரும் பெங்களூர் வீடுகள் அவர்களை இழுத்துக்கொள்ளும். அது அவர்கள் உரிமை, தடுக்க முடியாது. உள்ளூரில் நிலையான மாதச் சம்பளமும் இ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதியும் உள்ள வேலையாக இதை ஆக்கினால்தான் அவர்கள் நிற்பார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் புழங்கும் பெண்கள் இந்த மண்ணில் நிறையப் பேர். பேச்சு குழறும் பக்கவாத நோயாளியின் மொழியிலேயே கேட்டறியக்கூடியவர் அவர்களைவிட யார்?

பணம் எங்கிருந்து வரும் என்றால், விபத்து எங்கே நடந்ததோ அங்கிருந்து முதலில் வரலாம். வேலையில் முழு ஊனமடைந்தவருக்கு இ.எஸ்.ஐ. வழியாக உதவியாளர் படி. பிறவியிலோ நோயாலோ சாலை விபத்தாலோ பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசின் படி. பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி. டைட்டன் நிறுவனம் ஓசூர் ஆலையில் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்தபோது, தொழிற்பேட்டையால் உற்பத்தி கெடாமல் இதைச் செய்ய முடியும் என்று நிறுவியது. வேலைக்கு வரமுடியாத அளவு பாதித்தவர்களிடம் அடுத்த அடி எடுத்து வைப்பது அதன் இயல்பான தொடர்ச்சி. வேலையை விட்ட மனைவி மீண்டும் ஆலைக்குப் போகும்போது ஈட்டும் சம்பளத்தையும், தவிர்க்கப்பட்ட படுக்கைப்புண்ணின் மருத்துவமனைச் செலவையும் கழித்துப் பார்க்காமல் 'செலவு அதிகம்' என்று சொல்வது அரைக் கணக்கு.

உதவி நாய்க்கு இதில் இடமே இல்லையா? உண்டு, அது செலவில்லாத இடத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் ஜப்பானின் 2002ஆம் ஆண்டுச் சட்டமும் உதவி நாயோடு வருபவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்கின்றன. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உதவி நாய் என்ற பேச்சே இல்லை. ஒரு விதித்திருத்தம் போதும்; ஒருவர் சொந்தச் செலவில் நாயைப் பழக்கிக் கொண்டுவந்தாலும் வங்கிக்குள் நுழைய வாட்ச்மேனிடம் கெஞ்ச வேண்டிய நிலை மாறும். பழக்கும் திறமையும் தொலைவில் இல்லை. பெங்களூரின் தெற்கே தரளுவில் மத்திய ரிசர்வ் காவல் படையின் நாய்ப் பயிற்சிப் பள்ளி குண்டு தேடும் நாய்களை உருவாக்குகிறது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இரண்டு நூற்றாண்டு அனுபவத்தோடு இருக்கிறது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பும் சி.பி. ராமசுவாமி ஐயர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திரமும் கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளிடம் நாய்களைக் கொண்டுசென்று பழகவிட்டிருக்கின்றன. அதுபோல வாரம் ஒருநாள் சிறப்புப் பள்ளிக்கு நாய் வருவது ஓசூரிலும் நாளையே தொடங்கக்கூடியது. வழிகாட்டி நாய் அடுத்த கட்டம். தெருநாய்க் கட்டுப்பாடும் நடைபாதையும் வந்த பிறகு.

முதல் வேலை எண்ணிக்கை எடுப்பது. மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறார்கள். அவர்கள் கையிலுள்ள பதிவேட்டில் நான்கு கேள்விகளைக் கூட்டினால் போதும்: படுத்திருப்பவரை இரவில் புரட்டுபவர் யார், அவருக்கு வயது என்ன, இதற்காக எந்த வேலையை விட்டார், அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று ஆள் உண்டா. ஓசூர் மாநகராட்சியின் எல்லையோர வார்டுகளில் இதைச் செய்துமுடித்தால் எத்தனை பராமரிப்பாளர், எந்த ஷிப்டுக்கு, எந்த மொழியில் என்று திட்டம் போட்டுவிடலாம். ஆள் தேர்வை அந்த வார்டுகளின் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்தே தொடங்கலாம்.